எடையில்லாத சாமான்

சுரங்க முகாம், ஒருரோ
ஜனவரி, ஞாயிறு மதியம்

அன்புள்ள ஃபெலிசாவுக்கு,

உன் கணவன் சத்துர்நினோ எழுதுவது. சுரங்கத்து மாதாவின் புண்ணியத்தில் நானும் மகளும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஒன்று ஏற்றிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். எங்கே சொல்வது? போன் கடையில் மகள் நியேவெஸ் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் காதுக்குத் தப்பியதைக் கேட்கக் கடைக்காரி இருக்கிறாள். அங்கே நின்றுகொண்டு சாப்பிட்டாயா, குளிருகிறதா என்பதற்கு மேல் ஒரு மனிதன் என்ன பேச முடியும்?

உன் கடிதம் வந்தது. நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர் உன்னைச் செத்துப்போன தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாய். கூப்பிட்டால் கூப்பிடட்டும். தங்கச்சியாகவே பதில் சொல்லிவிட்டு மாத்திரையைக் கொடுத்துவிடு. இங்கே மழை கூரையின் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. புதுத் தகரம் போட்டாயிற்று. ஆலங்கட்டி விழுந்து உருளைக்கிழங்குச் செடி பாதி போய்விட்டது. நம் நாய் இன்னும் நீ போன பஸ் வரும் நேரத்துக்கு வாசலில் போய் உட்காருகிறது. விரட்டினால் என்னை முறைக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி டாக்டர் என் நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தூசு கொஞ்சம் சேர்ந்திருக்கு சத்துர்நினோ. இனிமே கீழ இறங்க வேணாம்" என்றார். கொஞ்சம் என்றுதான் சொன்னார், அதைக் கவனி. உன் அண்ணனைக் கொண்டுபோன தூசு வேறு. அது வேறுதானே என்று நானே அவரிடம் கேட்டேன். அவர் படத்தை உறைக்குள் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மேலே எனக்கு என்ன வேலை இருக்கிறது? லாரி எடை போடும் மேடையில் மட்டும் ஒரு இடம் காலி. முன்பு அங்கே பென்சிலும் ஒரு தலையும் இருந்தால் போதும். இப்போது கம்ப்யூட்டர் வைத்துவிட்டார்கள். எஞ்சினியர் ஸம்ப்ரானா கெட்டவர் இல்லை. "எழுதப் படிக்கத் தெரியுமில்ல? அப்போ இதுவும் வரும். கார்னிவல் திருவிழா முடிஞ்சு வேலை திறக்கற அன்னைக்கு வந்து ரெண்டு லாரியை எடை போட்டுக் காட்டு. இடம் உனக்குத்தான்" என்றார். வராவிட்டால் என்ன என்று கேட்டேன். "மேல வேற ஒண்ணும் இல்லப்பா" என்றார். அப்புறம் எனக்கு மிச்சம், பூமிக்கடியில் கம்பெனி கைவிட்ட பழைய மட்டங்கள்தான். நியேவெஸின் ஞானத்தகப்பன் ஃபோர்த்துனாத்தோ பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு அங்கே தாது தோண்டுகிறான். அந்த வாசலில் எந்த டாக்டரும் நிற்பதில்லை.

ஆக, இந்த வயதில் நான் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொள்கிறேன். சிரி, பரவாயில்லை. ஊரே சிரிக்கிறது.

சாமியார் கோயில் பின்னறையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். புதுநன்மைக்குப் படிக்கும் பிள்ளைகள் உபதேசம் முடிந்ததும் அதில் விளையாடும். அவர்களுக்கு நடுவில் என்னை உட்கார வைத்துவிட்டாள் உன் மகள். நாற்காலி அவர்கள் அளவுக்குச் செய்தது. என் முழங்கால் மேஜையில் இடிக்கிறது. சோப்புக் கட்டி அளவில் ஒரு சாமான், வால் மாதிரி ஒரு கம்பி. அதை மேஜை மேல் நகர்த்தினால் திரையில் ஒரு அம்பு நகருமாம். நான் நகர்த்தினால் அம்பு காணாமல் போகிறது. "அப்பா, கையைப் பாக்காதீங்க. திரையைப் பாருங்க" என்று உயிரை வாங்குகிறாள் நியேவெஸ். கையைப் பார்க்காமல் எப்படி? சுரங்கத்தில் கையைப் பார்க்காதவனுக்கு விரல் மிஞ்சாது.

அம்பு பாதி வழியில் இருக்கும்போதே மேஜை முடிந்துவிட்டது. நான் விடவில்லை. மவுஸை மேஜை விளிம்பிலிருந்து இறக்கி என் வயிற்றின் மேலேயே உருட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. முன்பல் விழுந்த ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்து, "மாமா, தூக்கி மறுபடி நடுவுல வைங்க மாமா. தூக்கினா அது ஓடாது" என்று சொல்லிக்கொடுத்தாள். அதன் வயது என்ன இருக்கும்? எனக்குக் காது வரை சுட்டது.

அதைவிடக் கொடுமை, இரண்டு தரம் தட்டுவது. டக் டக் என்று ஒரே இடத்தில் தட்ட வேண்டும். என் முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் கை அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. துளை மெஷின் என் கையில் விட்டுப்போன உதறல் உனக்குத் தெரியும். நீ இருந்தபோது சூப் சிந்தும். இப்போது கரண்டியே வேண்டாமென்று கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்கிறேன். யோசித்துப் பார்த்தேன், ஃபெலிசா. துளை மெஷின் ஒரு கன்றுக்குட்டி கனம். ஆனால் வைத்த இடத்தில் நிற்கும். அதன் கனமே கைக்குப் பிடிமானம். இந்தச் சாமானுக்கு எடையே இல்லை. எடையில்லாததை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்று இந்தக் கைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நேற்று நான் அங்கே அழுதேன் என்று நியேவெஸ் போனில் சொன்னால் நம்பாதே. கண்ணில் தூசு விழுந்தது.

மகளுக்காகவும் எனக்காகவும் ஜெபம் செய். கழுத்தைச் சுற்றிக் கம்பளி கட்டிக்கொள்.

உன் சத்துர்நினோ


கார்னிவலுக்கு முந்தின வாரம்

அன்புள்ள ஃபெலிசாவுக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீயும் இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தத் தடவை அவ்வளவு மோசமான சேதி இல்லை, அதனால் உட்கார்ந்தே படிக்கலாம்.

உன் பச்சைப் பாவாடையின் ஓரத்தை வெட்டிவிட்டோம். முதலில் அதற்குத் திட்டி முடி. நானாக வெட்டவில்லை, நியேவெஸ் வெட்டினாள். அதில் ஒரு சின்னப் பை தைத்து, அதற்குள் நான் இடித்த தாதுப்பொடியைக் கொட்டி, வாயைத் தைத்து மூடினாள். அதை என் மணிக்கட்டின் மேல் போட்டுக்கொண்டு மவுஸைப் பிடித்தேன். கை அடங்கியது! முரட்டுக் கழுதை மேல் மூட்டையை ஏற்றியதும் நிதானத்துக்கு வருமே, அப்படி. அம்பு வைத்த இடத்தில் நின்றது. டக் டக் என்று தட்டினேன், திரையில் கதவு மாதிரி ஒன்று திறந்துகொண்டது. பிள்ளைகள் கை தட்டின. பல் விழுந்தவள், "மாமா பாஸ்!" என்று கத்தினாள்.

அதிலேயே ஒரு சீட்டாட்டம் இருக்கிறது. சீட்டை அமுக்கிப் பிடித்து, விடாமல் இழுத்துக்கொண்டு போய் இன்னொரு சீட்டின் மேல் போட வேண்டும். வழியில் விரல் தளர்ந்தால் சீட்டு புறப்பட்ட இடத்துக்கே ஓடிவிடும். ஒரு ராஜாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுசேர்ப்பதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. பாறைக்குள் துளை போட்டபோதுகூட இவ்வளவு வேர்த்ததில்லை.

ஃபோர்த்துனாத்தோ வந்து கதவில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். "என்ன மச்சான், பொம்மை ஓட்டக் கத்துக்கிட்டியா? கீழ உன் இடத்தை நான் யாருக்கும் குடுக்கல, பாத்துக்க. பழைய மட்டத்துல நல்ல தாது தெரியுது" என்றான். வாயில் மென்றுகொண்டிருந்த கோக்கா இலையை அவன் மேல் துப்பலாமா என்று வந்தது. ஆனால் அவன் நல்லதை நினைத்துத்தான் சொல்கிறான். அதுதான் பயமாக இருக்கிறது.

நியேவெஸுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இது கடைசி வகுப்பு. கொச்சபாம்பாவில் நர்ஸ் படிப்பு என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சு இல்லை. வீட்டில் ஆள் கிடைத்தால் போதும், நாடி பார்க்கிறாள். நாய்க்குப் பார்த்தாள், எனக்கும் பார்த்தாள். முந்தாநாள் என் முதுகில் காதை வைத்து, "மூச்சை நல்லா இழுங்க அப்பா. இன்னும். ம், விடுங்க" என்றாள். என்ன கேட்டது என்று கேட்டேன். பசிக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நீ வருகிறேன் வருகிறேன் என்று எழுதாதே. அங்கே தங்க அனுமதிக் காகிதம் கையில் கிடைப்பதற்கு முன் அந்த நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று நீதானே சொன்னாய்? வேலை திறக்கும் நாளன்று எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. இங்கே விடியும்போது அங்கே மதியமாம். நேரம் பார்த்து ஏற்று.

உன் சத்துர்நினோ


தவக்காலம், முதல் வாரம்

என் ஃபெலிசாவுக்கு,

கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். இந்தக் கடிதத்தை யாரும் பக்கத்தில் இல்லாதபோது படி. அந்தப் பெரியவர் தூங்கின பிறகு படி.

கார்னிவல் வெள்ளியன்று வழக்கம்போல எல்லோரும் தங்கள் தங்கள் வேலையிடத்துக்குப் பீர் தெளித்துப் படைத்தார்கள். கீழே பாறைக்குள் கொம்போடு உட்கார்ந்திருக்கும் சுரங்கத்து மாமா சிலைக்குச் சாராயமும் சிகரெட்டும் கொடுத்துவிட்டு, மேளத்தோடு மேலே வந்து, கம்ப்ரஸருக்கு, லாரிகளுக்கு, தள்ளுவண்டிக்கு என்று பூவும் காகிதச் சுருளும் போட்டு பீர் தெளித்துக்கொண்டே போனார்கள். எடை மேடையும் வந்தது. அந்தச் சின்ன அறைக்குள் எல்லோரும் நுழைந்து கம்ப்யூட்டருக்கு மஞ்சள் சுருள் சுற்றினார்கள். நாலு மூலைக்கும் தெளித்தார்கள். பிறகு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன். மேஜை மேல் அந்த மவுஸ் இருந்தது. எல்லாருக்கும் குடிக்கக் கொடுத்துவிட்டு, யாரிடம் பிச்சை கேட்டு நிற்கிறேனோ அவனை மட்டும் தாகத்தோடு விட்டுவிட்டுப் போவதா? மனசு கேட்கவில்லை. "என்னைக் கைவிட்டுடாத சாமி" என்று சொல்லி, என் கிளாஸில் இருந்ததை அதன் தலையிலேயே ஊற்றிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வேலை திறந்த அன்று போனால், பட்டன் அமுங்கினது எழுந்திருக்கவில்லை. சுருளின் மஞ்சள் சாயம் கரைந்து மவுஸ் மேஜையோடு ஒட்டியிருந்தது. "எவன்யா இதுக்கு பீர் ஊத்தினது?" என்று கேட்டார் எஞ்சினியர். நான்தான் என்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சிரித்துவிட்டார். அவரும் ஒருரோவில் பிறந்தவர்தானே, வருடா வருடம் தன் காருக்குத் தெளிப்பவர்தானே. "தரைக்குத் தெளிக்கணும் சத்துர்நினோ, தலையில ஊத்தக் கூடாது! அது குடிச்சா தாங்குமா?" என்று சொல்லிவிட்டு ஆபீஸிலிருந்து வேறொரு மவுஸ் கொண்டுவந்து மாட்டினார். புதுசு, அடியில் சிவப்பு வெளிச்சம். பழையதைவிட இன்னும் லேசு. என் பையைக் காட்டினேன். "வச்சுக்கோ, எனக்கென்ன" என்றார். பார், அந்த மனிதர் எனக்கு ஒரு சாக்குகூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு எப்படி நான் அவரைக் குறை சொல்வது?

முதல் லாரி வந்தது. எண் விழுந்தது. அம்பைக் கொண்டுபோனேன், லாரி நம்பரைத் தட்டினேன், தாதுவின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன், பதிவு என்ற இடத்தில் அமுக்கினேன். பதிந்தது! எஞ்சினியர் தலையை ஆட்டினார். கதவுக்கு வெளியே நியேவெஸ் காலைச் சாப்பாட்டோடு நின்றுகொண்டிருந்தாள், அவள் முகத்தைப் பார்த்தேன். ஃபெலிசா, அந்த நிமிஷம் நான் எடை மேடைக்காரன். அந்த நாற்காலி என்னுடையது.

இரண்டாவது லாரி ஏறும்போது ஹார்ன் அடித்தான். புழுதி கதவு வழியாக உள்ளே வந்தது. எனக்கு இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. பை நழுவிக் கீழே விழுந்தது. கை தன் பாட்டுக்கு ஆடியது, அம்பு ஆடியது, விரல் அமுங்கிவிட்டது. பதிவுக்குப் பக்கத்தில் அழி என்று ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு லாரியின் கணக்கும் திரையிலிருந்து போய்விட்டது. எஞ்சினியர் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இருமல் நின்ற பிறகு, ரொம்ப மெதுவாக, "நீ வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கோப்பா" என்றார். இருபது வருடம் எந்தப் பாறையும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

அதற்குள் நியேவெஸ் உள்ளே வந்து, சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே மவுஸைப் பிடித்தாள். அழிந்ததை எங்கிருந்தோ திரும்பக் கொண்டுவந்தாள். லாரிக்காரன் இன்னொரு ஹார்ன் அடிப்பதற்குள் முடித்துவிட்டாள். எஞ்சினியர், "இது யாரு?" என்றார். என் மகள் என்றேன். "அப்ப இந்தப் பொண்ணையே உட்கார வையேன். பரிசுத்த வாரம் வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். உன் மகள் மூச்சுகூட விடாமல், "சரி சார், வரேன்" என்றாள்.

வீடு வரும் வரை சண்டை. படிப்பு என்ன ஆவது என்றேன். அடுத்த வருஷம் படிக்கலாம் என்றாள். இந்த முகாமில் அடுத்த வருஷம் படித்தவர் யாரையாவது காட்டு என்றேன். "உங்கம்மா அந்த ஊருக்குப் போனது நீ படிக்கிறதுக்குத்தான்டி" என்று கத்தினேன். நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "அம்மா போனது நாம மூணு பேரும் இருக்கறதுக்கு. நீங்க போயிட்டா நான் படிச்சு யாருக்கு ஊசி போடறது?" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இருந்தால் நீ எனக்கு எழுது.

ஆனால் அவளை நான் அந்த அறையில் உட்கார விடமாட்டேன். இன்றைக்கு எடை மேடை, நாளைக்கு ஏதாவது ஒரு லாரிக்காரன், மறுநாள் தொட்டில், அதன் பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தன் புருஷனின் நெஞ்சுப் படம். அதற்கா நீ அங்கே யாரோ ஒருவரின் தங்கையாக வாழ்கிறாய்?

திங்கட்கிழமை ஃபோர்த்துனாத்தோவோடு நான் பழைய மட்டத்துக்கு இறங்குகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது இறங்கியிருப்பேன், அதனால் வேண்டாம் என்று எழுதுவதில் பயன் இல்லை. நேற்று அவன் துளை மெஷினைச் சும்மா தூக்கிப் பார்க்கச் சொன்னான். தூக்கினேன். கை ஆடவில்லை, ஃபெலிசா. கொஞ்சம்கூட ஆடவில்லை. அதற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும்.

நியேவெஸிடம், பக்கத்துக் கம்பெனியில் வெளியே உட்கார்ந்து கல் பொறுக்கும் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லப்போகிறேன். ஃபோர்த்துனாத்தோ வீட்டில் குளித்துவிட்டுத்தான் வருவேன். ஆனால் எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, அவள் என் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். அவள் நம்புவது உன்னை மட்டும்தான். அதனால் இது கிடைத்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே பேச்சை எடு. அப்பா எழுதினார், வெயிலில் உட்கார்ந்து செய்கிற வேலையாம், நிம்மதியாக இருக்கிறாராம் என்று சொல். எஞ்சினியரிடம் போய் வரமாட்டேன் என்று சொல்லிவிடச் சொல். அம்மா சொன்னால் கேட்பாள். நீ இதுவரை அவளிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

நீ அனுப்புவதெல்லாம் அவள் படிப்புக்குத்தான். அவள் கொச்சபாம்பா பஸ்ஸில் ஏறும் வரை நான் இருப்பேன். அதற்குப் பிறகு உனக்குக் காகிதம் வந்துவிடும். அதற்குப் பிறகு என்ன என்பதை இப்போது எழுத வேண்டாம்.

கடவுள் உன் கைகளுக்குப் பலம் கொடுக்கட்டும். அந்தப் பெரியவர் நீண்ட நாள் இருக்கட்டும். நியேவெஸ் என் இருமலைப் பற்றி உன்னிடம் கேட்பாள். குளிர்தான் என்று சொல். நீயும் அப்படியே நம்பு.

உன் சத்துர்நினோ